இணையவழிக் கல்வியில் மாற்றுத்திறனாளி மாணவர்கள்: சட்டம் தரும் உரிமைகளும் கேட்டுப் பெறும் வழிகளும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மாநில அளவான 20 விழுக்காட்டைவிட இது மிக அதிகம். இம்மாவட்டத்தின் சிதம்பரத்தில்தான் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி, கல்வி மறுக்கப்பட்ட நம் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அதே ஊரில் 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

கல்லூரிக்கு நாள்தோறும் சென்றுவர இயலாதவருக்கு அஞ்சல்வழிப் படிப்பே பட்டத்திற்கான வழியாக இருந்தது. அந்த வழி இன்று இணையத்திற்கு இடம்பெயர்கிறது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை 'ஸ்வயம்' தளத்தின் வழியே படிக்கலாம் எனப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் விதி வகுத்தது. ஆகவே இணைய வகுப்பின் வாசல் யாருக்குத் திறக்கிறது என்பது சமூகநீதி சார்ந்த கேள்வியாகும்.

தடை எங்கே இருக்கிறது?

பாடநூலை ஒளிப்படமாக வருடி பிடிஎஃப் கோப்பாகப் பதிவேற்றுவது பரவலான வழக்கம். பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பான் அந்தக் கோப்பில் ஓர் எழுத்தையும் காணாது. ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ்ப் பாடமோ பொருளற்ற ஒலிகளாகவே வாசிக்கப்படும். 'என்விடிஏ' போன்ற திரைவாசிப்பான்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எனவே இதில் மாணவரிடம் குறை ஏதுமில்லை. பாடத்தை ஆயத்தம் செய்த முறையே குறையுடையது.

காணொளியில் ஆசிரியர் "இந்த வரைபடத்தைப் பாருங்கள்" என்று கூறிக் கடந்துவிட்டால், பார்வையற்றவருக்கு அந்தப் பகுதி முழுவதும் இழப்பு. வசனவரிகளும் சைகைமொழியும் இல்லையெனில் செவித்திறன் குறைந்தவருக்கு வகுப்பே இல்லை. கைகளை எளிதில் இயக்க இயலாதவரின் விடைத்தாளை, நேரம் முடிந்ததும் தானாக மூடிக்கொள்ளும் இணையத் தேர்வு பறித்துவிடுகிறது. குடும்பம் முழுமைக்கும் ஒரே கைப்பேசி உள்ள வீட்டில் இத்தடைகள் பன்மடங்காகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகரித்த கல்வி நிறுவனங்கள் ஒவ்வொரு மாணவரின் தேவைக்கும் ஏற்ற நியாயமான வசதிகளைச் செய்து தருவதைப் பிரிவு 16இல் வலியுறுத்துகிறது. கூடுதல் நேரம், எழுத்தர் உள்ளிட்ட தேர்வுமுறை மாற்றங்களைப் பிரிவு 17 கூறுகிறது. மின்னணு ஊடகங்களில் ஒலிவழி விளக்கம், சைகைமொழி, வசனவரி ஆகியவை இருப்பதை அரசு உறுதிசெய்யப் பிரிவு 42 கட்டளையிடுகிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ளோர்க்கு உயர்கல்வியில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களைப் பிரிவு 32 ஒதுக்குகிறது.

உச்ச நீதிமன்றம் இவற்றுக்கு மேலும் வலுவூட்டியுள்ளது. எழுத்தர் வசதி 40 விழுக்காட்டு வரம்பைக் கடந்தவர்க்கு மட்டுமே உரியதன்று என விகாஷ் குமார் வழக்கில் (2021) தீர்ப்பளித்தது. அணுகல்தன்மை நெறிகளை வெறும் பரிந்துரைகளாகச் சுருக்கிய விதி 15 சட்டத்திற்கு முரணானது என ராஜீவ் ரதூரி வழக்கில் (2024) அறிவித்தது. இணையச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் உறுப்பு 21 தரும் வாழ்வுரிமையின் பகுதியே எனப் பிரக்யா பிரசூன் வழக்கில் (2025) உரைத்தது.

அமெரிக்காவில் ஹார்வர்டு, எம்ஐடி ஆகிய பல்கலைக்கழகங்களின் இணையப் பாடங்களுக்கு வசனவரி இல்லை என்று காதுகேளாதோர் அமைப்பு 2015இல் வழக்குத் தொடுத்தது. பல ஆண்டுகளுக்குப் பின் ஏற்பட்ட உடன்பாட்டில் இரு நிறுவனங்களும் வசனவரி சேர்க்க இணங்கின. பெரும் செல்வம் படைத்த நிறுவனங்களே வழக்கிற்குப் பின்னர்தான் அசைந்தன என்பது நமக்கும் பாடம்.

சாதியும் குறைபாடும் சேரும் இடம்

2011 கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் 2.21 விழுக்காட்டினர் மாற்றுத்திறனாளிகள். பட்டியல் சாதியினரிடையே இது 2.45 விழுக்காடு. பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் மீதான வன்கொடுமை தொடர்பான பட்டான் ஜமால் வலி வழக்கில் (2021), சாதி, பாலினம், குறைபாடு ஆகியவை ஒன்றுகலந்து தனித்தன்மையுள்ள ஒடுக்குமுறையை உண்டாக்குவதை உச்ச நீதிமன்றம் விரிவாக எடுத்துரைத்தது. கல்வி நிலையங்களுக்கும் அப்பார்வை பொருந்தும்.

"பட்டியல் சாதி இடமா, மாற்றுத்திறனாளி இடமா, ஒன்றைத் தேர்ந்தெடு" என்று எவரேனும் கூறினால் அதை ஏற்க வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீடு எல்லாப் பிரிவுகளையும் ஊடறுத்துச் செல்லும் கிடைமட்ட ஒதுக்கீடு என்பதை இந்திரா சாஹ்னி தீர்ப்பு (1992) தெளிவுபடுத்தியுள்ளது. ஒரு மாணவர் இரண்டு அடையாளங்களையும் குறிப்பிட்டே விண்ணப்பிக்கலாம். பட்டியல் சாதி மாணவர்க்கான மேல்நிலைக் கல்வி உதவித்தொகையிலும் மாற்றுத்திறனாளிகளுக்கு 10 விழுக்காடு கூடுதல் படி உண்டு.

எவ்வாறு கேட்பது?

முதலில், சேர்க்கையின்போதே தேவைகளை எழுத்துவடிவில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். "உதவி வேண்டும்" என்று பொதுவாக எழுதாமல், "ஒருங்குறியில் பாடநூல்", "காணொளிக்கு வசனவரி", "மணிக்கு 20 நிமிடக் கூடுதல் நேரம்" எனப் பட்டியலிடுங்கள். கூடுதல் நேரத்திற்கு ஒன்றிய அரசின் எழுத்தர் வழிகாட்டுதலைச் சுட்டலாம்.

மறுத்தாலோ மறுமொழி இல்லையென்றாலோ மாணவர் குறைதீர்க் குழுவிடம் முறையிடுங்கள். மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிகளின்படி அக்குழு 15 வேலை நாள்களில் அறிக்கை அளிக்க வேண்டும். பட்டியல் சாதியினரும் மாற்றுத்திறனாளிகளும் சந்திக்கும் பாகுபாடும் அதன் வரம்பிற்குள் வரும். அடுத்த நிலையில் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் பிரிவு 80இன் கீழ் மனு அளிப்பது இன்னொரு வழி. ஆணையர்க்கு விசாரணையில் உரிமையியல் நீதிமன்ற அதிகாரங்கள் உண்டு. இவை பயனளிக்காதபோது உறுப்பு 226இன் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகலாம். அங்கே முதலில் கேட்கப்படும் ஆவணம், தொடக்கத்தில் பெற்ற ஒப்புகைதான்.

மாணவர் அமைப்புகள் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திடமும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மூன்று கேள்விகளை எழுப்ப வேண்டும்: இணையப் பாடங்களில் எத்தனை திரைவாசிப்பானுக்கு ஏற்றவை? எத்தனை காணொளிகளுக்கு வசனவரி உண்டு? 5 விழுக்காட்டு இடங்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? விடைகள் கையில் இருந்தால், ஒரு மாணவரின் தனிக்குறையாகத் தள்ளப்படுவதை நிறுவனத்தின் கடமைத் தவறு என்று மெய்ப்பிக்க முடியும்.