குள்ளர் குகைக்கு ஏறும் முன்

பெரு நாட்டில் உள்ள மாச்சு பிச்சு, 15ஆம் நூற்றாண்டில் இன்கா மக்கள் எழுப்பிய மலை நகரம். கடல் மட்டத்திலிருந்து 2,430 மீட்டர் உயரத்தில், சாந்து பூசாமல் கல்லோடு கல்லைப் பொருத்திக் கட்டியிருக்கிறார்கள். அதன் படத்தைக் காட்டினால் மாணவர்கள் வியந்து பார்ப்பார்கள். அதைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்த, சாந்தில்லாத கற்கட்டுமானம் நம் ஜவ்வாது மலையிலேயே இருக்கிறது என்று சொன்னால் அவர்கள் நம்பத் தயங்குவார்கள். அதை நேரில் காட்டிவிடலாம். ஆனால் அதற்கு மலை ஏற வேண்டும்.

ஜமுனாமரத்தூர் வட்டாரப் பள்ளியொன்றில் பணிபுரிவதால், சமவெளிப் பள்ளிகளின் ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "பிள்ளைகளை அழைத்து வரலாமா? என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?" அந்தக் கேள்விக்கான விடையாகவே இதை எழுதுகிறேன்.

எதைப் பார்க்கப் போகிறோம்?

கீழ்ச்செப்பிளியை அடுத்த மலைமேல் கல்திட்டைகள் பல உள்ளன. ஊர்மக்கள் இவற்றைக் 'குள்ளர் குகை' என்றும் 'வாலியர் வீடு' என்றும் அழைக்கிறார்கள். குள்ளமான மனிதர்கள் வாழ்ந்த வீடுகள் என்பது வழிவழியாக வரும் கதை. தொல்லியல் இவற்றைப் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் என்கிறது. கற்பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு பெரிய பலகையை மூடியாக வைத்திருப்பார்கள். பக்கப் பலகை ஒன்றில் வட்டமான துளை இருக்கும். அதற்கு இடுதுளை என்று பெயர். கதையை மறுத்துவிட்டு வரலாற்றைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டையும் மாணவர் முன் வைத்து, "எது பொருந்துகிறது, ஏன்?" என்று கேளுங்கள். வரலாற்றுப் பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

உயரம் பயமுறுத்துமா?

மலை என்றதும் பெற்றோர் மூச்சுத்திணறலை நினைத்து அஞ்சுவார்கள். உயரத்தால் வரும் மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். இன்கா தடத்தில் நடப்பவர்கள் 4,200 மீட்டரைத் தாண்டும் கணவாயைக் கடக்க வேண்டும். அதனால் 3,400 மீட்டர் உயரத்தில் உள்ள குஸ்கோ நகரில் சில நாள் தங்கி உடலைப் பழக்கிக்கொள்கிறார்கள். நம் ஏற்றமோ ஏறத்தாழ ஆயிரம் மீட்டரை ஒட்டியே அமைகிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு அளவே குறையும். ஆரோக்கியமான பிள்ளைகளுக்கு இதனால் தொல்லை இல்லை. இங்கே கவனிக்க வேண்டியவை வெயில், தாகம், வழுக்குப்பாறை, தேனீ, பாம்பு, தாமதம் ஆகிய ஆறும்தான்.

ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி குறையும். மார்கழி, தை மாதங்களில் அதிகாலையில் ஏறினால் ஸ்வெட்டர் தேவைப்படும். இதை அறிவியல் ஆசிரியர் முதல் நாளே பாடமாக நடத்திவிடலாம்.

நேரம் ஒரு கணக்குப் பாடம்

ஸ்காட்லாந்து மலையேறி நைஸ்மித் 1892இல் ஓர் எளிய விதியைச் சொன்னார்: 5 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு மணி நேரம், அத்துடன் 600 மீட்டர் ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி நேரம். 4 கிலோமீட்டர் தூரமும் 300 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதை என்று வைத்துக்கொள்வோம். 48 நிமிடமும் 30 நிமிடமும் சேர்ந்து 78 நிமிடம். இது பழகிய பெரியவர்களுக்கான கணக்கு. பிள்ளைகளோடு செல்லும்போது ஒன்றரை மடங்காக்கினால் ஏறத்தாழ 2 மணி நேரம் வரும். பார்க்கும் நேரம், உணவு, இறக்கம் அனைத்தையும் கூட்டி, மாலை 4 மணிக்குள் அடிவாரம் சேரும்படி புறப்படும் நேரத்தை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

அனுமதியும் காலமும்

2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறியவர்கள் உயிரிழந்ததை நாம் மறக்க முடியாது. அதன்பின் அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. ஆகவே வனத்துறை அனுமதி, தலைமையாசிரியர் வழியாகக் கல்வித்துறை அனுமதி, பெற்றோரின் எழுத்து ஒப்புதல் ஆகிய மூன்றும் கையில் இல்லாமல் வண்டி ஏற வேண்டாம். காய்ந்த புல் தீப்பற்றும் கோடையும், மின்னல் இறங்கும் மழைக்காலமும் ஏற்றவையல்ல. டிசம்பரும் ஜனவரியும் நல்ல மாதங்கள். இன்கா தடத்தையும் பராமரிப்புக்காக ஆண்டுதோறும் பிப்ரவரியில் மூடிவிடுகிறார்கள். மலைக்கும் ஓய்வு வேண்டும் என்பதை மாணவர்களுக்குச் சொல்ல இது நல்ல எடுத்துக்காட்டு.

நான்கு வாரப் பயிற்சி

முதல் வாரம் மைதானத்தில் தினமும் 20 நிமிட வேக நடை. இரண்டாம் வாரம் 30 நிமிடமும் பள்ளி மாடிப்படிகளில் ஏறி இறங்குதலும். மூன்றாம் வாரம் புத்தகப்பையுடன் நடை. நான்காம் வாரம் ஊருக்கு அருகிலுள்ள குன்றில் ஒரு முன்னோட்டம். புதிய காலணியைப் பயண நாளில்தான் முதன்முதலாக அணிய வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகள் உண்டு. கால் கொப்புளித்துவிடும்; இரண்டு வாரம் முன்பே அணியச் சொல்லுங்கள்.

ஆஸ்துமா, வலிப்பு, இரத்தசோகை உள்ள பிள்ளைகளின் பட்டியலைப் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் காட்டி ஆலோசனை பெறுங்கள். ஏற முடியாத மாணவரை ஊரில் விட்டுவராதீர்கள். அடிவாரக் கிராமத்தில் ஓர் ஆசிரியருடன் இருந்து, சாமை, தினைப் பயிர்களைப் பற்றியும் குள்ளர் கதையைப் பற்றியும் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்யும் பொறுப்பை அவருக்குத் தரலாம். மாணவியருக்கான தேவைகளை ஆசிரியை ஒருவர் தனியாகக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

பையில் என்ன?

ஒவ்வொருவருக்கும் 2 லிட்டர் தண்ணீர், தொப்பி, முழுக்கை உடை, கடலை மிட்டாய், புளிசாதம், குறிப்பேடு போதும். பையின் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஆசிரியரிடம் முதலுதவிப் பெட்டி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், விசில், கயிறு இருக்கட்டும். மலையில் பல இடங்களில் கைபேசிச் சமிக்ஞை கிடைக்காது. 108ஐ அழைக்கச் சமிக்ஞை கிடைக்கும் இடத்தை முன்னோட்டப் பயணத்திலேயே குறித்துவையுங்கள். வாசனைத் தைலமும் புகையும் தேனீக்களைச் சீண்டும், இரண்டும் வேண்டாம். பாம்பு கடித்தால் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் நேராக மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

கல்லின் முன் நிற்கும்போது

அது யாரோ ஒருவருக்கு அவர் உறவினர் எழுப்பிய நினைவிடம். மூடுகல்லின் மேல் ஏறிப் படம் எடுப்பதும், பெயர் கீறுவதும், புதையல் தேடித் தோண்டுவதும் இரண்டாயிரம் ஆண்டு காத்த கல்லை ஒரே நாளில் சாய்த்துவிடும். ஓட்டுச்சில்லு, மணி எது கண்ணில் பட்டாலும் எடுக்காமல், இடத்தைக் குறித்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கக் கற்றுக்கொடுங்கள். அளவெடுத்தல், வரைதல், இடுதுளை நோக்கும் திசையைக் காந்த ஊசியால் காணுதல் ஆகியவை போதுமான வேலைகள்.

இன்னொரு வேண்டுகோள். இந்த மலையில் வாழும் மலையாளி பழங்குடிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவே ஏற்றமும் இறக்கமுமாக நடப்பவர்கள். எந்தப் பாறை வழுக்கும், எந்தச் செடி அரிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். உங்கள் வகுப்போடு எங்கள் வகுப்பையும் சேர்த்து நடக்க வையுங்கள். அவர்கள் பை தூக்க வருபவர்கள் அல்லர். அன்றைக்கு உங்கள் மாணவர்களுக்கு அவர்கள்தான் ஆசிரியர்கள். தம் வீட்டு மலையில் இருப்பது பாடமாகும் அளவுக்குப் பெரியது என்று அவர்கள் அறிந்துகொண்டால், அந்தக் கற்களைக் காக்க வேறு காவலர் தேவைப்படாது.