சன்ஸ்கிரீன்: நம்பர் பெருசா, அளவு பெருசா?

"எஸ்பிஎஃப் 50 தினமும் போடுறேன், அப்புறம் ஏன் முகம் கருக்குது?" இந்தக் கேள்வியோட நானே ஒரு தோல் டாக்டர்கிட்ட போயிருக்கேன். ரெண்டு கன்னத்துலயும் மங்கு. ஒரு வருஷமா கிரீம் போட்டும் குறையல. அவங்க கிரீம் பேரைக்கூடக் கேக்கல. "ஒரு டியூப் எத்தனை நாள் வருது?"ன்னாங்க. "ஆறு மாசம்"னு பெருமையா சொன்னேன். சிரிச்சிட்டாங்க.

ஏன்னா, எஸ்பிஎஃப் நம்பரைச் சோதிக்கும்போது ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் கிரீம் தடவுறாங்க. முகத்துக்கு மட்டும் அது ஏறக்குறைய 1 கிராம். அப்படின்னா 50 கிராம் டியூப், தினமும் ஒரு தடவை போட்டாலே ரெண்டு மாசத்துக்குள்ள தீரணும். நான் பூசினது அதுல மூணுல ஒரு பங்குகூட இல்ல. டியூப்ல 50ன்னு இருந்துச்சு, என் முகத்துல இல்ல.

சரி, நம்பருக்கு என்ன அர்த்தம்? சரியான அளவு பூசினா, எஸ்பிஎஃப் 30 தோலைச் சுடுற புறஊதா பி கதிர்ல சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 சுமார் 98. வித்தியாசம் ஒரு சதவீதம்தான். அதனால விலை அதிகமான 50ஐச் சிக்கனமா தடவுறதை விட, கட்டுப்படியாகுற 30ஐத் தாராளமா தடவுறது நல்லது. ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டோட நீளத்துக்கும் பிதுக்கினா முகத்துக்கும் கழுத்துக்கும் சரியா இருக்கும்.

ஆனா எஸ்பிஎஃப் முக்கியமா புறஊதா பி-யைத்தான் சொல்லுது. தோலைக் கருக்கவச்சு, சுருக்கம் விழவைக்கிற புறஊதா ஏ, ஜன்னல் கண்ணாடியையும் தாண்டி வரும். அதுக்கு டியூப்ல 'பிராட் ஸ்பெக்ட்ரம்'னு இருக்கான்னு பாருங்க. இல்லன்னா 'பிஏ' பக்கத்துல பிளஸ் குறிகளை எண்ணுங்க. நாலுதான் உச்சம். மேகமூட்டமா இருந்தாலும் புறஊதாக் கதிர் வரும், மறந்துடாதீங்க.

"நம்ம தோலுக்கு இது எதுக்கு?"ன்னு வீட்ல கேப்பாங்க. மெலனின் ஓரளவு காப்பாத்தும், உண்மைதான். ஆனா நம்ம மாதிரி மாநிறத் தோல்லதான் மங்கும், பரு போன தழும்பும் ஆழமா கருத்து நிக்கும். மங்கு இருந்தா இரும்பு ஆக்சைடு கலந்த, லேசா நிறம் உள்ள சன்ஸ்கிரீன் நல்லது. கண்ணுக்குத் தெரியுற வெளிச்சமும் மங்கைக் கூட்டும்.

இன்னொண்ணு, இது வெள்ளையாக்குற கிரீம் இல்ல. இருக்குற நிறத்தைக் காப்பாத்துற கிரீம். வெளியில சுத்தினா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வேர்வை வழிஞ்சா அதுக்கு முன்னாடியே மறுபடி போடணும். பைக்ல போறவங்க புறங்கையை விட்டுடாதீங்க.

இப்போ என் டியூப் ஒன்றரை மாசத்துல தீருது. மங்கும் மெதுவா வெளுக்குது. உங்க டியூப் எத்தனை நாள் வருது? இன்னைக்கே கணக்குப் போட்டுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!