டி-ஷர்ட்டுக்குள் துப்பாக்கி... டெக்சாஸ் வெயில் வைக்கும் சோதனை!

அமெரிக்காவின் டெக்சாஸில், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடையில்லாத, 21 வயது நிரம்பியவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியுடன் வெளியே போகலாம். 2021 செப்டம்பரில் வந்த சட்டம் இது. குளிர்காலத்தில் கோட்டுக்குள் மறைத்துவிடலாம். 38 டிகிரியைத் தாண்டும் கோடையில், மெல்லிய டி-ஷர்ட்டுக்குள் எப்படி மறைப்பது?

அதற்குத்தான் குட்டித் துப்பாக்கிகள். 2008-ல் வந்த ரூகர் எல்.சி.பி சுமார் 270 கிராம்தான். பேன்ட் பாக்கெட்டிலேயே அடங்கிவிடும். ஆனால், எடை குறையக் குறைய, சுடும்போது கையை உதறும், குறி தப்பும். 2018-ல் வந்த சிக் சாவர் பி365 சுமார் அரை கிலோ. மறைப்பது சற்றுச் சிரமம், பிடிப்பது சுலபம். அதனால் வாங்கும் முன், பயிற்சி மையத்தில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப்பார்ப்பது நல்லது.

அடுத்த எதிரி, வியர்வை. அதிலுள்ள உப்பு இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். தினமும் துடைத்து, லேசாக எண்ணெய் பூச வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், உறை. ட்ரிக்கரை முழுதாக மூடும் கெட்டியான உறை வேண்டும். உறையில்லாமல் சாவிக்கொத்தோடு பாக்கெட்டில் போட்டால், சாவி ட்ரிக்கரில் சிக்கினாலே போதும்... தொடையில் குண்டு பாயும்.

வீடு திரும்பியதும் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டியாக வேண்டும். பெரியவர்கள் மறைக்க வசதியான குட்டித் துப்பாக்கி, குழந்தையின் கைக்கும் வசதியானதுதான்!