ஆதிக்குடிகளின் மொழி

மலேயாத் தீபகற்பத்தின் காடுகளிலும் மலைகளிலும் வாழும் ஆதிக்குடிகளுக்கு நெடுங்காலம் 'சாக்காய்' என்றே பெயர். அடிமை என்னும் பொருள் தோய்ந்த இப்பெயரை அவர்கள் தாமே இட்டுக்கொள்ளவில்லை. 19ஆம் நூற்றாண்டிலும் அவர்தம் குழந்தைகளைக் கவர்ந்து சென்று விற்றோர் இருந்தனர். அக்கொடுமையின் வடுவே அப்பெயர். 1960களில்தான் 'ஓராங் அஸ்லி', அதாவது ஆதி மக்கள், என்னும் பெயர் அரசாங்க வழக்கில் நிலைத்தது.

ஆதி மக்கள் என்பதற்கு அவர்தம் மொழியே சான்று பகரும். இவர்களுள் பெரும்பாலோர் பேசும் செமாய், தெமியார், ஜஹாய் முதலிய மொழிகள் மலாய் மொழியின் கிளைகள் அல்ல. ஜெர்மானியப் பாதிரியார் வில்ஹெல்ம் ஷ்மிட் 1901இல் இவற்றை மோன், கெமேர் மொழிகளோடு ஒப்பிட்டு உறவை விளக்கினார். அங்கோர் வாட் எழுப்பிய கெமேரியரின் மொழியும், வியட்நாமியரின் மொழியும், நம் தேசத்துச் சந்தாலியர், காசியர் மொழிகளும் இந்த ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சார்ந்தவையே. மீனைச் செமாயரும் வியட்நாமியரும் ஏறத்தாழ 'கா' என்பர். சந்தாலியர் 'ஹாகோ' என்பர். கடலும் மலையும் பிரித்த பின்னரும் சொல் உறவை மறக்கவில்லை!

இம்மொழிகளின் வளத்தையும் நோக்குவோம். ரோஜாவின் மணம், சந்தனத்தின் மணம் என்று பொருளைச் சுட்டியே நாம் மணத்தைச் சொல்கிறோம். ஜஹாயர்க்கோ மணங்களுக்கென்றே தனிச் சொற்கள் பல உண்டு. நிறங்களைப் போலவே மணங்களையும் அவர்கள் எளிதிற் பெயரிடுவதையும், ஆங்கிலம் பேசுவோர் அதில் தடுமாறுவதையும் 2014இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. செமாயரிடையே பிணக்கு நேர்ந்தால், உறவினர் தலைவன் வீட்டிற் கூடி, சொல்ல வேண்டியவை யாவும் சொல்லித் தீருமட்டும் பேசுவர். கைகலப்பது அவர்க்குப் பெரும் வெட்கம். இத்தகையோரை நாகரிகமற்றவர் என்றழைத்தல் தகுமா?

நிற்க. 1954ஆம் வருஷத்துச் சட்டம், ஆதிக்குடிகளுக்கென ஒதுக்கிய நிலத்திலும் அவர்களை அரசாங்கம் விரும்பும் வரை இருக்கும் குடியிருப்போராகவே வைத்தது. தெமுவான் குடியினர் தொடுத்த வழக்கில், 2002இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் அவர்தம் மரபுநிலத்தில் அவர்கட்கு உரிமை உண்டெனத் தீர்ப்பளித்தது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எனினும் மரமும் சாலையும் வேண்டி வருவோரை எதிர்த்து ஊர்தோறும் வழக்காடியே உரிமையை நாட்ட வேண்டியிருப்பது நீதியாகாது. முதலில் குடியேறியோர் நீதிமன்றத்தின் வாயிலில் கடைசியாக நிற்பதா? பெயரைத் திருப்பித் தந்த தேசம் நிலத்தையும் திருப்பித் தருதலே முறை.