ஏரிக்கு வந்த விருந்தாளிகள்

ஐப்பசி, கார்த்திகை மாதம். மழை பெய்து ஏரியில் தண்ணீர் நிற்கிறது. விடியற்காலையில் லேசாகக் குளிர்கிறது. இந்த நேரத்தில் நீங்கள் ஏரிக்கரைக்குப் போயிருப்பீர்கள். மாட்டைக் குளிப்பாட்டப் போயிருப்பீர்கள். துணி துவைக்கப் போயிருப்பீர்கள். நாளைக்குப் போகும்போது ஒரு பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். தண்ணீரைப் பாருங்கள்.

ஏரியின் நடுவே கறுப்புக் கறுப்பாக ஏதோ மிதக்கிறது. உற்றுப் பார்த்தால் அவை பறவைகள். சித்திரையில் பார்த்தபோது இவை இங்கே இல்லை. ஆடியிலும் இல்லை. இப்போது எங்கிருந்து வந்தன?

வெகு தூரத்திலிருந்து வந்திருக்கின்றன. இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்கின்றன.

எல்லாப் பறவையும் வெளியூர்ப் பறவை இல்லை. வெள்ளைக் கொக்கு இங்கேயே இருப்பது. தண்ணீரில் முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகமும் இங்கேயே இருப்பது. இவை வீட்டுக்காரர்கள். மற்றவை விருந்தாளிகள். விருந்தாளியை அடையாளம் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை. வாலையும் வாயையும் பார்த்தால் போதும்.

வால் ஊசிபோல நீண்டிருந்தால் அது ஊசிவால் வாத்து. அலகு கரண்டிபோலத் தட்டையாக இருந்தால் தட்டைவாயன். தண்ணீரில் அலகை வைத்துக்கொண்டே நீந்தும். சேற்று நீரை வடிகட்டிப் புழு பூச்சிகளைத் தின்னும். கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை போட்டதுபோல இருந்தால் நீலச்சிறகி. இந்த அடையாளங்களில் பல ஆண் பறவைக்குத்தான் நன்றாகத் தெரியும். பெண் வாத்துகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே பழுப்பு நிறம். பழகியவர்களே திணறுவார்கள். அதனால் நீங்களும் திணறினால் கவலைப்பட வேண்டாம்.

கரையோரச் சேற்றில் சின்னச் சின்னப் பறவைகள் குடுகுடுவென்று ஓடும். அவை உள்ளான்கள். அதில் மிகவும் சின்னது கொசு உள்ளான். ஒரு எலுமிச்சம்பழத்தின் எடைகூட இருக்காது. அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது வடதுருவத்தை ஒட்டிய குளிர்ப் பகுதியில். அங்கிருந்து சொந்தச் சிறகால் பறந்து வந்து நம் ஊர்ச் சேற்றைக் கிளறுகிறது.

ஏன் வருகின்றன?

குளிருக்குப் பயந்து வருகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. பறவைக்கு இறகு இருக்கிறது. ஓரளவு குளிரைத் தாங்கும். ஆனால் சைபீரியாவிலும் மங்கோலியாவிலும் குளிர்காலத்தில் ஏரி முழுவதும் பனிக்கட்டியாக உறைந்துவிடும். தரையைப் பனி மூடிவிடும். புழு இல்லை, பூச்சி இல்லை, புல் இல்லை. பகல் பொழுதும் மிகவும் குறுகிவிடும். இரை தேட நேரமும் இல்லை. அப்புறம் எப்படிப் பிழைப்பது? பிழைப்புக்காகத்தான் ஊர்விட்டு ஊர் வருகின்றன.

அப்படியானால் இங்கேயே தங்கிவிடலாமே? கோடையில் அந்த வட நாடுகளில் பகல் மிக நீளம். பூச்சிகள் கொள்ளை கொள்ளையாகப் பெருகும். குஞ்சுகளுக்கு வயிறார ஊட்டலாம். அதற்காகத் திரும்பிப் போகின்றன.

புறப்படுவதற்கு முன்னால் நன்றாகத் தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். அதுதான் வழிக்குக் கட்டுச்சோறு. பகலில் சூரியனையும் இரவில் நட்சத்திரங்களையும் பார்த்துத் திசை அறியும். பூமிக்கு உள்ள காந்த சக்தியை உணரும் திறமையும் அவற்றுக்கு உண்டு.

வரித்தலை வாத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடு இருக்கும். திபெத், மங்கோலியா பக்கத்திலிருந்து இமயமலையைத் தாண்டி வரும். தமிழ்நாட்டில் திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளம் வரைக்கும் வருகிறது. இதன் உடம்பில் சின்னக் கருவியைக் கட்டி ஆராய்ந்து பார்த்தார்கள். 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் பறந்தது தெரியவந்தது. அந்த உயரத்தில் காற்று பாதிக்கும் குறைவுதான். நம்மை அங்கே இறக்கிவிட்டால் நாலு அடி நடப்பதற்குள் மூச்சு வாங்கும். இந்த வாத்தின் ரத்தம் குறைந்த காற்றிலிருந்தும் உயிர்வாயுவை இழுத்துக்கொள்ளும்.

வயலிலும் பூங்காவிலும்

ஏரியில் மட்டும்தான் விருந்தாளிகள் என்று நினைக்காதீர்கள். வயலைப் பாருங்கள். உழும்போது ஏருக்குப் பின்னால், இப்போது டிராக்டருக்குப் பின்னால், சின்னப் பறவை ஒன்று வாலை ஆட்டி ஆட்டி ஓடுகிறதா? அது வாலாட்டிக் குருவி. அதில் பல வகை குளிர்காலத்தில் வருபவை. மண் புரளும்போது வெளியே வரும் புழுவையும் பூச்சியையும் பொறுக்கும்.

வரப்புக்குச் சற்று மேலே, தலையைக் குனிந்தபடி ஒரு பருந்து மெதுவாக மிதந்து போகும். அது பூனைப்பருந்து. இரவில் இது மரத்தில் தங்காது. புல்வெளியில் தரையிலேயே படுக்கும். குஜராத்தில் வேளாவதர் என்ற புல்வெளி இருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் சாயங்காலம் நூற்றுக்கணக்கான பூனைப்பருந்துகள் வந்து இறங்கும். எலி, வெட்டுக்கிளி இரண்டும் இதற்கு இரை. விவசாயிக்குக் கூலி வாங்காத காவல்காரன்.

ஆனால் வருகிற எல்லாரும் உபகாரிகள் என்று சொன்னால் அது பொய். ரோஜா நிற மைனா ஒன்று கூட்டம் கூட்டமாக வரும். சூறைக்குருவி என்றும் சொல்வார்கள். வெட்டுக்கிளியைத் தின்னும். சோளக்கொல்லையில் இறங்கினால் சோளத்தையும் தின்னும். சோளம் போட்டவர் தகரம் தட்டித் துரத்தத்தான் செய்வார். அதில் தப்பில்லை. துரத்துவது வேறு, விஷம் வைப்பது வேறு. விஷத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நகரத்தில் இருப்பவர்கள் பூங்காவுக்குப் போகலாம். தென்னிந்தியாவில் குளிர்காலத்தில் ஆறுமணிக் குருவி வரும். இது வெளிநாட்டுப் பறவை இல்லை. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டும் பறவை. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று பல நிறம் கலந்திருக்கும். காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுக்கும். அதனால்தான் அந்தப் பெயர். மரத்தடியில் உதிர்ந்த சருகைப் புரட்டிப் புழு தேடும். பூங்காவில் சருகை ஒன்று விடாமல் கூட்டி எரித்துவிட்டால் இதற்குச் சாப்பாடு இல்லை. சில சமயம் பறந்து வந்த களைப்பில் வீட்டுக்குள்ளேயே விழுந்துவிடும். அப்போது ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து மூடுங்கள். நாய், பூனை அண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். களைப்பு தீர்ந்ததும் மரமுள்ள இடத்தில் விட்டால் பறந்துவிடும்.

வராமல் போன கொக்கு

ராஜஸ்தானில் பரத்பூர் என்று ஓர் ஊர். அங்கே அரசர்கள் கரை கட்டித் தண்ணீர் தேக்கிய இடத்தில் லட்சக்கணக்கில் வாத்துகள் வந்தன. அந்தக் காலத்தில் அது வேட்டைக்களம். 1938-ல் வைஸ்ராய் லின்லித்கோ வந்தபோது ஒரே நாளில் 4,000 பறவைகளுக்கு மேல் சுட்டுத் தள்ளினார்கள். இன்று அது கேவலாதேவ் தேசியப் பூங்கா.

சைபீரியக் கொக்கு அங்கேதான் வந்துகொண்டிருந்தது. பால் வெள்ளை உடம்பு, சிவந்த முகம், ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவு. 1960-களில் சுமார் 200 கொக்குகள் வந்தன. பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. வரும் வழியில் வேட்டையாடினார்கள். இறங்கி இளைப்பாறிய நீர்நிலைகள் அழிந்தன. 2002-ல் ஒரே ஒரு ஜோடி வந்திருந்தது. அதற்குப் பிறகு பரத்பூருக்கு அந்தக் கொக்கு வரவில்லை.

ஏன் திரும்ப வரவில்லை தெரியுமா? கொக்குக் குஞ்சு தாய் தகப்பனோடு பறந்து வந்துதான் வழியைத் தெரிந்துகொள்ளும். வழி தெரிந்த கடைசிப் பறவையும் போய்விட்டால் அந்த வழியே மறந்துபோகும். பரத்பூரில் தண்ணீர் இருக்கிறது, காவல் இருக்கிறது. கூட்டி வரப் பறவை இல்லை.

மங்களாஜோடியில் நடந்தது

வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. ஒடிசாவில் சிலிகா என்ற பெரிய ஏரி இருக்கிறது. கடலோடு சேர்ந்த ஏரி. குளிர்காலத்தில் அங்கே லட்சக்கணக்கில் பறவைகள் கூடும். ஏரியின் வடக்கு ஓரத்தில் கோரைப் புல்லும் சேறுமாக ஒரு சதுப்பு நிலம். அதை ஒட்டிய கிராமம் மங்களாஜோடி.

அந்த ஊரில் பலருக்குப் பறவை பிடிப்பதுதான் தொழில். வலை போட்டார்கள். துப்பாக்கியால் சுட்டார்கள். விஷம் வைத்தார்கள். கறியைச் சந்தையில் விற்றார்கள். குடும்பம் அதில்தான் ஓடியது. 1990-களின் முடிவில் பறவைகள் சில ஆயிரமாகக் குறைந்துவிட்டன.

அப்போது பறவைகள்மீது அக்கறை உள்ள சிலர் ஊருக்கு வந்து பேசினார்கள். ஒருநாள் இரண்டு நாளில் நடக்கவில்லை. சும்மா 'பிடிக்காதே' என்றால் யார் கேட்பார்கள்? அடுப்பு எரிய வேண்டுமே! 2000-ஆம் ஆண்டை ஒட்டி வேட்டைக்காரர்களே சேர்ந்து ஒரு பாதுகாப்புச் சங்கம் அமைத்தார்கள். எந்தக் கோரைக்குள் எந்தப் பறவை அடையும், எந்த நேரத்தில் இரைக்குக் கிளம்பும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். பிடிப்பதற்காகக் கற்ற அந்த அறிவு காவலுக்கு உதவியது.

பறவைகள் மெல்ல மெல்லத் திரும்பின. பார்ப்பதற்கு வெளியூர் ஆட்கள் வந்தார்கள். பழைய வேட்டைக்காரர்கள் படகோட்டிகளாகவும் வழிகாட்டிகளாகவும் ஆனார்கள். சத்தம் போடும் மோட்டார் இல்லாமல் கழியை ஊன்றித் தள்ளும் மரப் படகு. இப்போது குளிர்காலத்தில் அந்தச் சதுப்பில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேலே பறவைகள் கூடுகின்றன. கருவால் மூக்கன் என்ற நீண்ட மூக்குப் பறவை அங்கே சேறு தெரியாத அளவுக்கு நிற்கும்.

எல்லா ஊர் ஏரிக்கும் சுற்றுலாக்காரர் வரமாட்டார். உங்கள் ஏரியில் படகு விட்டுப் பணம் சம்பாதிக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பறவையை நன்றாக அறிந்தவர் எந்த ஊரிலும் இருப்பார். மீன் பிடிப்பவர், மாடு மேய்ப்பவர், மடை திறப்பவர். அவரைக் கேளுங்கள். புத்தகத்தில் இல்லாத விஷயம் கிடைக்கும்.

விஷத்தைப் பற்றி

சில இடங்களில் நெல்லில் குருணை மருந்தைக் கலந்து கரையில் தூவுகிறார்கள். தின்ற வாத்து மயங்கி விழும். அதை எடுத்துக் கறியாக விற்கிறார்கள். மருந்து வாத்தோடு போய்விடாது. கறியைத் தின்பவர் உடம்புக்கும் வரும். காட்டு வாத்தைப் பிடிப்பதும் கொல்வதும் விற்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சிறைத் தண்டனை உண்டு.

யாரும் விஷம் வைக்காமலும் பறவைகள் சாவதுண்டு. 2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பர் உப்பு ஏரியில் சுமார் 18,000 பறவைகள் செத்தன. சேற்றில் இருந்த ஒரு கிருமி உண்டாக்கிய நஞ்சுதான் காரணம். காலும் சிறகும் செயலற்றுப் போயின. செத்த பறவையில் புழு வைத்தது. அந்தப் புழுவில் நஞ்சு இருந்தது. புழுவைத் தின்ற பறவையும் செத்தது. செத்தவற்றை அள்ளிக் குழியில் புதைத்த பிறகுதான் சாவு அடங்கியது.

உங்கள் ஏரியில் நாலைந்து பறவை ஒன்றாகச் செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். பிள்ளைகளையும் தொடவிடாதீர்கள். அன்றைக்கே வனத்துறைக்கும் கால்நடை ஆஸ்பத்திரிக்கும் சொல்லுங்கள்.

எப்படிப் பார்ப்பது?

காலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை நல்ல நேரம். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். அப்போதுதான் நிறம் தெரியும். எதிரே இருந்தால் எல்லாம் கறுப்பாகவே தெரியும். பளிச்சென்ற சட்டை வேண்டாம். பறவையை நோக்கி நேராக நடக்காதீர்கள். உட்கார்ந்துவிட்டால் அவை தானே பக்கத்தில் வரும். தொலைநோக்கி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் குறைவில்லை. படம் எடுப்பதற்காகக் கல்லை வீசிக் கூட்டத்தை எழுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஒரு படத்துக்காக அத்தனை பறவையும் சேர்த்து வைத்த கொழுப்பைச் செலவழித்துப் பறக்க வேண்டியிருக்கிறது.

சில பறவையின் காலில் சிறிய வளையம் இருக்கும். ஆராய்ச்சிக்காகப் போட்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல ஆண்டுகளாக இப்படி வளையம் போட்டு வருகிறது. செத்துக் கிடக்கும் பறவையின் காலில் வளையம் தெரிந்தால் அதைப் பற்றியும் வனத்துறையிடம் சொல்லுங்கள். அதில் ஆங்கில எழுத்தும் எண்ணும் இருக்கும். ஆங்கிலம் படிக்க வராவிட்டாலும் பரவாயில்லை. தொடாமல் பார்த்து, அப்படியே வரைந்துகொண்டு போங்கள். அந்த எண்ணை வைத்துப் பறவை எந்த நாட்டில், எந்த நாளில் வளையம் பெற்றது என்று கண்டுபிடிப்பார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒரு வரி போதும்.

'தை 5. பெரிய ஏரி. காலை 7 மணி. ஊசிவால் வாத்து, சுமார் 40. உள்ளான், நிறைய.'

பெயர் தெரியாவிட்டால் நிறத்தை எழுதுங்கள். 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் ஆசிய நாடுகளில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். இந்தியாவில் அதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத ஆட்கள்தான். அவர்கள் உங்கள் பக்கம் வந்தால் இந்த நோட்டைக் காட்டுங்கள். அவர்கள் ஒரு நாள் வந்து எண்ணுவார்கள். உங்கள் நோட்டில் நாலு மாதக் கணக்கு இருக்கும்.

மாசி முடிந்து வெயில் ஏறும். ஏரி வற்ற ஆரம்பிக்கும். ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால் தண்ணீரில் நீர்க்காகமும் கொக்கும் மட்டும் இருக்கும். கடைசி வாத்தை எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்பதையும் நோட்டில் எழுதுங்கள். அடுத்த ஐப்பசியில் முதல் வாத்து வரும் தேதியை அதற்குக் கீழே எழுதலாம்.