தீவில் சைக்கிள் பாதையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

[திரையில்: ஒரு தீவின் வரைபடம். சாலைகள் ஒவ்வொன்றாக வரையப்படுகின்றன.]

தீவில் சைக்கிள் ஓட்டுவதற்கும் பெருநிலப்பகுதியில் ஓட்டுவதற்கும் மூன்று வேறுபாடுகள் உண்டு. முதலாவது, சாலைகள் குறைவு. ஒரு வழி சரியில்லை என்றால் அடுத்த தெருவில் புகுந்து போக முடியாது. இரண்டாவது, காற்று. நான்கு பக்கமும் கடல் என்பதால் அதைத் தடுக்க எதுவும் இல்லை. மூன்றாவது, படகு. ஊருக்குத் திரும்ப அது ஒன்றுதான் வழி, அதுவும் யாருக்காகவும் காத்திருக்காது. குழந்தைகளோடு விடுமுறைக்குப் போகும் குடும்பம் ஒரு நல்ல பாதையைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் இந்த மூன்றையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

இதற்கு ஏற்ற உதாரணம் மேற்கு ஆஸ்திரேலியாவின் ராட்னெஸ்ட் தீவு.

[திரையில்: பெர்த், ஃபிரீமேன்டில், ராட்னெஸ்ட். இடையே படகுப் பாதை.]

ஃபிரீமேன்டில் துறைமுகத்திலிருந்து படகில் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் இந்தத் தீவை அடையலாம். நீளம் 11 கிலோமீட்டர், மிக அகலமான இடத்தில் 4.5 கிலோமீட்டர், பரப்பு 19 சதுர கிலோமீட்டர். மண்ணின் மக்களான நூங்கார் இனத்தவர் இதை வாஜெமப் என்று அழைக்கிறார்கள். 1696-இல் வந்த டச்சு மாலுமி வில்லெம் டி வ்லாமிங், இங்கிருந்த குவாக்கா என்னும் சிறிய பையுடைய விலங்குகளைப் பெரிய எலிகள் என்று நினைத்து, 'எலிக்கூடு' என்று பொருள்படும் பெயரை வைத்தார். அதுவே ராட்னெஸ்ட் ஆனது. சுற்றுலாப் பயணிகள் இங்கே கார் கொண்டுவர முடியாது. சாலையில் ஓடுபவை பேருந்துகளும் பராமரிப்பு வண்டிகளும்தான். மற்றபடி எல்லாம் சைக்கிள். அறுபதுக்கும் மேற்பட்ட கடற்கரைகளைத் தார்ச்சாலைகள் இணைக்கின்றன.

முதல் படி: குடும்பத்தின் அளவு

பாதையின் நீளத்தை முடிவு செய்ய வேண்டியது குழுவிலேயே மெதுவாக ஓட்டுபவரின் கால்கள். தந்தை ஒரே மூச்சில் 40 கிலோமீட்டர் ஓட்டக்கூடியவராக இருக்கலாம். ஏழு வயது மகளுக்குச் சிறிய சக்கரம். தந்தையின் ஒரு மிதிக்கு அவள் இரண்டு மிதி மிதிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் கூட இருக்கும்போது மணிக்கு 8 கிலோமீட்டர் என்று கணக்கிடுவது பாதுகாப்பானது.

ராட்னெஸ்டை முழுவதும் சுற்றிவர ஏறத்தாழ 22 கிலோமீட்டர். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கும் நேரம் மட்டும் இரண்டே முக்கால் மணி. கடலில் இறங்குவது, சாப்பிடுவது, குவாக்காவைப் பார்த்து நிற்பது எல்லாம் சேர்ந்தால் அது ஐந்து, ஆறு மணி நேரமாகும். அதாவது காகிதத்தில் 'கொஞ்ச தூரம்' என்று தெரிவது, பிள்ளைகளோடு போனால் ஒரு முழுநாள்.

ஆகவே முதல் நாளுக்கு முழுச் சுற்று வேண்டாம். படகுத்துறை இருப்பது கிழக்கே, தாம்சன் குடாவில். விடுதிகளும் கடைகளும் கொண்ட குடியிருப்பும் அங்கேதான். அங்கிருந்து வடக்குக் கரையோரமாகப் பத்து நிமிடம் மிதித்தால் பேசின் என்ற கடற்கரை வரும். பாறைத்திட்டு அரணாக அமைந்த இயற்கைக் குளம் அது. அதைத் தாண்டி லாங்ரீச் குடா, ஜோர்டி குடா. இந்தச் சின்னப் பாதையில் ஒருமுறை போய் வந்தாலே வாடகை சைக்கிளின் இருக்கை உயரம், பிரேக், பிள்ளைகளின் வேகம் எல்லாம் தெரிந்துவிடும். அடுத்த நாளின் நீளத்தை அதை வைத்து முடிவு செய்யலாம்.

இரண்டாம் படி: வரைபடத்தைப் படிப்பது

[திரையில்: சமவுயரக் கோடுகள் கொண்ட வரைபடம். குன்று சிவப்பில் மின்னுகிறது.]

சாதாரண வரைபடம் தூரத்தைக் காட்டும், மேட்டைக் காட்டாது. சமவுயரக் கோடுகள் உள்ள வரைபடத்தில் மேடும் தெரியும். கோடுகள் நெருங்கி இருந்தால் செங்குத்து, விலகி இருந்தால் சமதளம். பொதுமக்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் சைக்கிள் வரைபடங்களில் இந்தக் கோடுகளும், தார்ச்சாலையா மண்பாதையா என்ற குறிப்பும் கிடைக்கும். தீவில் கைபேசி சிக்னல் எல்லா இடத்திலும் கிடைக்கும் என்று நம்ப முடியாது. அதனால் வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வைப்பது அவசியம்.

ராட்னெஸ்டில் பெரிய மலை இல்லை. கலங்கரை விளக்கம் நிற்கும் வாஜெமப் குன்றுதான் மிக உயர்ந்த இடம், அதுவே ஏறத்தாழ 45 மீட்டர்தான். ஆனால் சாலை அலைபோல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு மேடு யாரையும் களைக்க வைக்காது, இருபது மேடு களைக்க வைக்கும். இறக்கத்தில் இன்னொரு கவலை உண்டு. கடற்கரைச் சாலையின் வளைவுகளில் காற்று மணலைக் கொண்டுவந்து போடும். வேகமாக இறங்கும் சக்கரம் அதில் வழுக்கும். பிள்ளைகளுக்கு முன்னே ஒரு பெரியவர், பின்னே ஒரு பெரியவர் என்று போனால் முன்னவர் வேகத்தைக் கட்டுப்படுத்துவார், பின்னவர் பின்தங்கிவிட்டவரைக் கவனிப்பார்.

வரைபடத்தில் அடுத்துத் தேட வேண்டியது குறுக்கு வழி. நல்ல குடும்பப் பாதை என்பது நடுவில் சுருக்கிக்கொள்ளக்கூடிய பாதை. ராட்னெஸ்டின் நடுவே உப்பு ஏரிகள் இருக்கின்றன. அவற்றின் ஓரமாகச் செல்லும் சாலைகள் கரையோரச் சுற்றை இரண்டாகப் பிரிக்கின்றன. பாதி வழியில் பிள்ளை சோர்ந்தால் மேற்கு முனைவரை போகாமல் ஏரிகள் வழியே குடியிருப்புக்குத் திரும்பிவிடலாம். ஆனால் நாரோ நெக் என்ற ஒடுங்கிய நிலத்தைத் தாண்டி மேற்கே போய்விட்டால் குறுக்கு வழி கிடையாது. போன தூரம் முழுவதையும் திரும்ப மிதிக்க வேண்டும். எனவே முழுச் சுற்றா, அரைச் சுற்றா என்று முடிவெடுக்க வேண்டிய இடம் அதுதான்.

மூன்றாம் படி: காற்று

[திரையில்: கடலிலிருந்து நிலத்தை நோக்கி அம்புக்குறிகள்.]

தீவில் மேட்டைவிடக் கடினமானது எதிர்க்காற்று. மேடு முடிந்தால் இறக்கம் வரும், எதிர்க்காற்று முடியாது. கணக்கு இப்படி: சைக்கிளைத் தடுக்கும் காற்றின் விசை, ஓட்டுபவரை மோதும் காற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. காற்றில்லாத நேரத்தில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒருவர்மீது 12 கிலோமீட்டர் வேகக் காற்றுதான் மோதும். எதிரே 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால் மோதும் வேகம் 37. அப்போது காற்றின் தடை ஒன்பது மடங்குக்கும் மேல் கூடுகிறது. அதே காற்று பின்னாலிருந்து வந்தால் தடை மறைந்து, முதுகில் கைவைத்துத் தள்ளுவது போலிருக்கும்.

ராட்னெஸ்ட் இருக்கும் பெர்த் கரையோரத்தில் கோடைக்காலக் காற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. காலையில் நிலத்திலிருந்து கிழக்குக் காற்று வீசும். வெயிலில் நிலம் சூடாகி, அதன்மேலுள்ள காற்று எழும்பியதும், கடலிலிருந்து குளிர்ந்த காற்று தென்மேற்குக் காற்றாக உள்ளே வரும். சென்னையில் கோடை மதியம் எதிர்பார்க்கப்படும் கடற்காற்றும் இதே வகைதான். மேற்கு ஆஸ்திரேலியாவில் அதற்கு 'ஃபிரீமேன்டில் டாக்டர்' என்று செல்லப்பெயர். வெக்கையைத் தணிக்க வருவதால் டாக்டர். பெரும்பாலும் நண்பகலுக்கும் மூன்று மணிக்கும் இடையில் அது வந்து சேரும்.

இந்த ஒழுங்கு தெரிந்தால் பாதை தானாகவே அமைந்துவிடும். காலையில் கிளம்பி மேற்கே போனால் கிழக்குக் காற்று முதுகில். கடற்காற்று எழுந்த பிறகு கிழக்கே திரும்பினால் தென்மேற்குக் காற்றும் முதுகில். இதைத் தலைகீழாகச் செய்யும் குடும்பம், அதாவது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மேற்கே கிளம்பும் குடும்பம், அதே 11 கிலோமீட்டரைக் காற்றோடு மல்லுக்கட்டியே கடக்க வேண்டியிருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலத்தில் இந்த ஒழுங்கு கிடையாது. மேற்கிலிருந்து மழையும் காற்றும் அலை அலையாக வரும். நாள் முழுவதும் ஒரே திசையில் காற்று வீசும் இடங்களில் விதி எளிது: உடலில் தெம்பு இருக்கும்போது காற்றை எதிர்த்துப் போக வேண்டும், களைத்த பிறகு அது தள்ளிக்கொண்டு வரும்.

நான்காம் படி: சுற்றும் திசை

தீவைச் சுற்றும் சாலையில் வலம்வருவதா, இடம்வருவதா என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் வண்டிகள் சாலையின் இடப்பக்கம் போகும். கடிகார முள் சுற்றும் திசையில், அதாவது வலமாகச் சுற்றினால் கடலும் இடப்பக்கம் வரும். கடற்கரையைக் கண்டதும் பிள்ளைகள் சாலையைக் குறுக்கே கடக்காமல் ஓரமாக இறங்கி நின்றுவிடலாம். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இது அப்படியே மாறும், அங்கே இடமாகச் சுற்ற வேண்டும்.

ராட்னெஸ்டில் வலமாகச் சுற்றுவது என்றால் கிழக்கே கிளம்பி, தெற்குக் கரை வழியாக மேற்கே போய், வடக்குக் கரை வழியாகத் திரும்புவது. இதில் காலையில் பார்க்கர் முனை, லிட்டில் சாமன் குடா ஆகிய தெற்குக் கடற்கரைகள் வரும். தென்மேற்குக் காற்று எழுமுன் அங்கே நீர் தெளிந்து கிடக்கும், மீன்களைப் பார்க்கலாம். மேற்கே வ்லாமிங் முனையும், கடல்நாய்கள் தென்படும் கதீட்ரல் பாறைகளும் உண்டு. பிற்பகலில் தெற்குக் கரை அலைமோதும்போது குடும்பம் வடக்குக் கரைக்கு வந்திருக்கும். தீவின் உடலே அங்கே காற்றை மறைத்துக்கொள்வதால் ஜோர்டி குடாவும் பேசினும் குளிக்க ஏற்றவை. காற்று, சாலை விதி, குளிக்கும் இடம் மூன்றும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

ஐந்தாம் படி: தண்ணீர், நிழல், விலங்கு

ராட்னெஸ்டில் சாலையோர நிழல் குறைவு, வெயிலோ கடுமையானது. கடைகளும் குடிநீரும் பெரும்பாலும் குடியிருப்பைச் சுற்றியே. மேற்கு முனைக்குப் போகிறவர்கள் தண்ணீரைக் கிளம்பும்போதே நிரப்பிக்கொள்ள வேண்டும். உச்சிவெயில் நேரத்தை மிதிப்பதற்கு வைக்காமல் சாப்பிடுவதற்கும் ஓய்வுக்கும் வைப்பது நல்லது.

குவாக்காக்களைத் தொடுவதும் அவற்றுக்கு உணவு தருவதும் சட்டப்படி குற்றம். திறந்து கிடக்கும் பைக்குள் அவையே தலையை விடும் என்பதால் தின்பண்டத்தை மூடிவைக்க வேண்டும். அந்தி நேரத்தில் அவை சாலையில் அதிகம் நடமாடும், வேகம் குறைய வேண்டிய நேரம் அது. மேற்கு ஆஸ்திரேலியாவில் சைக்கிள் ஓட்டும் எல்லா வயதினருக்கும் ஹெல்மெட் கட்டாயம். மிகச் சின்னக் குழந்தைகளை உட்காரவைக்கும் இழுவண்டிகள் தீவிலேயே வாடகைக்குக் கிடைக்கும்.

ஆறாம் படி: படகிலிருந்து பின்னோக்கி

பயண நேரத்தைக் காலையிலிருந்து முன்னோக்கி எண்ணுவது வழக்கம். அன்றே ஊர் திரும்புபவர்கள் படகிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். படகு நான்கரைக்கு என்றால், வாடகை சைக்கிளை ஒப்படைக்க அரை மணி, பஞ்சருக்கும் பிள்ளைகளின் அடத்துக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் கழித்தால், மூன்று மணிக்குக் குடியிருப்புக்கு வந்தாக வேண்டும். அந்த நேரத்துக்குள் முழுச் சுற்று அடங்காவிட்டால் அரைச் சுற்றே சரியான பாதை.

மற்ற தீவுகளில்

[திரையில்: மெக்கினா, டெக்சல், புலாவ் உபின்.]

இதே ஆறு படிகள் எந்தத் தீவுக்கும் பொருந்தும். எதற்கு எவ்வளவு கவனம் என்பதுதான் மாறும்.

அமெரிக்காவின் ஹியூரான் ஏரியில் உள்ள மெக்கினா தீவு 1898-லேயே மோட்டார் வண்டிகளைத் தடை செய்தது. கரையோரமாகத் தீவைச் சுற்றும் சாலை ஏறத்தாழ 13 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். அங்கே பாதை தேடும் வேலையே இல்லை. கவனிக்க வேண்டியது குதிரை வண்டிகளைத்தான்.

நெதர்லாந்தின் டெக்சல் தீவில் நிலைமை நேர்மாறு. பாதைகள் ஏராளம், சிக்கல் தேர்வில்தான். அதற்கு உதவுவது எண் முறை. சைக்கிள் பாதைகள் சந்திக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண் உண்டு, அடுத்த எண்ணுக்கு அம்புக்குறி காட்டும். நான்கைந்து எண்களைத் தாளில் எழுதிக்கொண்டால் அதுவே வழிகாட்டி. 1995-இல் பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் தொடங்கிய முறை இது. டெக்சலில் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து காற்று வீசும் என்பதால் எண்களின் வரிசையைக் காற்றைப் பார்த்தே எழுத வேண்டும்.

சிங்கப்பூரின் புலாவ் உபின் ஏறத்தாழ 10 சதுர கிலோமீட்டர். தார்ச்சாலை, சரளைப் பாதை, மலைச் சைக்கிள் தடம் மூன்றும் அங்கே கலந்திருப்பதால் பாதையின் தரையைப் பார்ப்பது முக்கியம். செக் ஜாவா சதுப்பு நிலத்தின் மரப்பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. வாசலில் நிறுத்திவிட்டு நடக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சாங்கி முனையிலிருந்து வரும் படகுகளுக்கு நேர அட்டவணை கிடையாது, 12 பேர் சேர்ந்ததும் புறப்படும். பின்னோக்கி எண்ணும்போது துறையில் ஆள் சேரக் காத்திருக்கும் நேரத்துக்கும் இடம் விட வேண்டும்.

[திரையில்: ஆறு படிகளும் வரிசையாக: அளவு, வரைபடம், காற்று, திசை, தண்ணீரும் நிழலும், படகு.]