'ரன்' என்றால் ஓடுவது மட்டுமா?

கிரிக்கெட் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த சொல்தான் 'ரன்'. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் புதிய பதிப்புக்காக அதற்குப் பொருள் எழுத உட்கார்ந்த பீட்டர் கில்லிவருக்கோ, அந்த ஒரு சொல்லே ஒன்பது மாத வேலை வைத்தது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள் தேறின என்று 2011-ல் செய்தி வந்தது. 1989-ல் வந்த பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்' என்ற சொல்லுக்கு இருந்தது.

இத்தனை பொருளும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இல்லை. பக்கத்தில் எது நிற்கிறதோ, அதுதான் பொருளைக் கொண்டுவருகிறது. ஆள் என்றால் கால் வேண்டும். ஆறு என்றால் வேண்டாம், தடையில்லாத நகர்ச்சி போதும். இயந்திரம் வந்ததும் அந்த நகர்ச்சியும் போய், நின்ற இடத்தில் இயங்கினாலே போதும் என்றாயிற்று. கம்ப்யூட்டர் புரோகிராம் அதற்கும் அடுத்த படி. மூக்கு ஒழுகினாலும், துவைக்கும்போது துணியில் சாயம் போனாலும் இதே சொல்தான். வங்கியோடு சேர்ந்தால், போட்ட பணத்தை எடுக்க ஜனங்கள் முண்டியடிப்பது.

ஒரே பொருளை அகராதிக்காரர்கள் பொடிப்பொடியாக நறுக்கி எண்ணிக்கையை ஏற்றிவிட்டார்கள் என்று சிலர் சொல்லலாம். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. எங்கே கோடு கிழிப்பது என்பதில் இரண்டு அகராதிகள் ஒத்துப்போவதில்லை. ஆனால் தேர்தலில் நிற்பதற்கு அமெரிக்கர் 'ரன்' என்கிறார்கள், பிரிட்டிஷார் 'ஸ்டாண்ட்' என்கிறார்கள். பெண்களின் மெல்லிய காலுறையில் இழை அறுந்து கோடாகப் பிரிந்தால் அமெரிக்காவில் அது 'ரன்', பிரிட்டனில் 'லேடர்', அதாவது ஏணி. மற்றப் பயன்பாடுகளை அப்படியே வைத்துக்கொண்டு இந்த இரண்டை மட்டும் ஒரு நாடு மாற்றிக்கொள்ள முடிகிறதென்றால், அவை தனிப் பொருள்கள்தானே?

குழப்பம் வராதா என்றால், பேசுகிறவர்களுக்கு வருவதில்லை. 'ரன்' என்றால் 'ஓடு' என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்களுக்குத்தான் வருகிறது. தமிழும் பாதித் தூரம் கூடவே வரும்: நமக்கும் வண்டி ஓடும், கடிகாரம் ஓடும், படம் நூறு நாள் ஓடும். ஆனால் ஒருவர் கடையை 'ஓட்டுகிறார்' என்றால், ஏதோ ஒப்பேற்றுகிறார் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் அந்த இளப்பம் கிடையாது. காய்ச்சலுக்கும் அவர்கள் 'ரன்' போடுவார்கள். நமக்குக் காய்ச்சல் அடிக்கும்.